கூடவே மடங்கும் சுட்டுவிரல்

செவ்வாய்க்கிழமை.

மலையிலிருந்து வந்த தனம் என்கிற அந்தப் பெண்ணை என்னால் நம்ப முடியவில்லை.

நூறு நாள் வேலையில் மண் கூடை தூக்கினால் வலது மணிக்கட்டு வலிக்கிறதாம். லேசான வேலைக்கு மாற்றச் சொல்லிச் சீட்டு வேண்டுமாம். இப்படிக் கேட்டு வருகிறவர்களைப் பிசியோதெரபி அறையில் தினமும் பார்க்கிறேன். கட்டைவிரலை மட்டும் மடக்கச் சொன்னேன். சுட்டுவிரலும் கூடவே மடங்கியது. அதை நான் நீட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடி கட்டைவிரலை மடக்கச் சொன்னதும், மணிக்கட்டுக்கு மேலே தொட்டுக் காட்டி அலறினாள்.

"நடிக்காதம்மா."

"நான் இன்னாத்துக்குங்க நடிக்கப் போறேன்? பொறந்ததுலேருந்து ரெண்டும் சேந்துதாங்க வரும். இப்பதான் நோவுது."

வீக்கம் இல்லை, காயம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன். சங்கராபுரம் பஸ்ஸுக்கு நின்றவள் அதே கையால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. 'வலி இருப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் அந்த அலறல் காதை விட்டுப் போகவில்லை. இப்போது பேனாவை வைத்துவிட்டு என் வலது கட்டைவிரலை மடக்கிப் பார்த்தேன். தனியாகத்தான் மடங்கியது. பார்த்தாயா, பொய்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இடது கையில் சுட்டுவிரலும் கூடவே வந்தது.

முன்கையில் இரண்டு விரல்களின் தசைநார்களும் சிலருக்கு ஒட்டியே இருக்கும் என்று கல்லூரியில் படித்து, பரீட்சையோடு மறந்துவிட்டேன். சுட்டுவிரலை மேஜையில் அழுத்திப் பிடித்துக் கட்டைவிரலை மடக்கினேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே சுரீரென்றது. அவள் தொட்டுக் காட்டிய அதே இடம்.

கூடையைத் தூக்கும்போது விரல்கள் அடியில் நீண்டிருக்க, கட்டைவிரல் மட்டும் மடங்கும். பாட்டில் மூடியைத் திருக இரண்டும் சேர்ந்துதானே மடங்கும்.