லோஷினி வர வேண்டாத நாட்கள்

சிம்பாங் ரெங்கம்,
1 ஜூலை 2025

அன்புத் தம்பி மனோகரனுக்கு,

அக்கா பிரேமலா எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை; ஆகவே பாசிர் கூடாங்குக்குத் தபால். ஷிப்ட் வேலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

லோஷினியை வீட்டிலேயே படிக்க வைக்க அனுமதி கேட்கும் உன் விண்ணப்பப் பாரம் என் மேசைக்கு வந்தது. தலைமையாசிரியை நான் கையெழுத்திட்டால்தான் அது கல்வி இலாகாவுக்குப் போகும். காரணங்கள் ஏழு எழுதியிருக்கிறாய். புத்தகப்பை கனம், சரி. கேண்டீன் மீ நூடுல்ஸ், அதுவும் சரி. ஐந்தாவதாக, பனி கொட்டும் நாட்களில் பாடம் தடைபடாது என்கிறாய். மலேசியாவில், அதுவும் சிம்பாங் ரெங்கத்தில், எப்போது கொட்டியது?

நம் தோட்டப் பள்ளியில் மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள். தலைமையாசிரியையின் தம்பி மகளே போய்விட்டால் மற்றவர்கள் இருப்பார்களா? உண்மைக் காரணத்தை எழுது.

அன்புடன்,
அக்கா

*

பாசிர் கூடாங்,
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பனிக்கு மன்னியுங்கள். இணையத்தில் எடுத்ததைச் சரியாகப் படிக்கவில்லை. உண்மைக் காரணத்தில் உங்கள் பெயர் வரும். அதனால்தான் ஏழு காரணங்களை இரவல் வாங்கினேன்.

போன வருடம் கல்வி அதிகாரிகள் ஆறு முறை பள்ளிக்கு வந்தார்கள். ஆறு முறையும் முதல் நாள் மாலை நீங்களே போன் செய்தீர்கள். "லோஷினி கண்ணு, நாளைக்கு ஆபீசர் வராங்க லா. நீ வீட்டுல இரு, அத்தை உனக்கு மைலோ ஐஸ் வாங்கித் தரேன்." வாங்கியும் தந்தீர்கள்.

மே மாதம் ஒரு காலை அவள் சீருடை போடவில்லை. "இன்னைக்கும் யாராச்சும் பெரியவங்க வராங்களாம்மா?" என்றாள். யாரும் வரவில்லை என்று சாந்தினி சொல்லியும் நம்பவில்லை. "ஒங்கக்காவே ஆறு நாள் வீட்டுல படிக்கப் பழக்கிட்டாங்க, மிச்ச நாளையும் நானே பாத்துக்கறேன்" என்று சாந்தினி கிளினிக் வேலையை விட்டுவிட்டாள்.

கையெழுத்து இல்லாவிட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவன் என்று என்மேல் வழக்கு வரலாம். தயவு செய்யுங்கள்.

தம்பி
மனோகரன்

*

சிம்பாங் ரெங்கம்,
10 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

வாசிக்கத் தடுமாறும் நான்கு பிள்ளைகளை நான் அந்த நாட்களில் மட்டும் ஓய்வெடுக்கச் சொன்னேன். அதைக் குற்றம் போல எழுதியிருக்கிறாய். அந்த நால்வர் இல்லாததால்தான் பாராட்டுப் பலகை கிடைத்தது. பலகையைப் பார்த்துத்தான் இரண்டு வகுப்புகளுக்குப் புதுக் கூரை வந்தது. உன் மகளும் அதன் கீழேதான் உட்கார்ந்தாள், மற்ற நாட்களில்.

24ஆம் தேதி அடுத்த வருகை. அவளைத் திரும்ப அனுப்பு. இம்முறை வீட்டில் இருக்கச் சொல்ல மாட்டேன். கடைசி வரிசையில், தூண் பக்கம் உட்கார வைக்கிறேன். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அக்கா

*

பாசிர் கூடாங்,
17 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை சிம்பாங் ரெங்கம் வீட்டுக்குப் போனபோது உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கச் சொல்வது சாந்தினியின் பாடமுறை. லோஷினி எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, முக்கால் மணி நேரத்தில் முழுவதையும் வாசித்துவிட்டாள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பிறகு என்னிடம் கேட்டாள்: "நான் கடைசி வரிசையில இருந்தாலும் அத்தைக்கு வெக்கமா இருக்கும்ல ப்பா?"

புதுப் பாரம் இணைத்திருக்கிறேன். ஒரே காரணம்: "பள்ளிக்கு முக்கியமான நாட்களில் இவள் தேவைப்படவில்லை." உங்கள் பெயரை எழுதவில்லை. கையெழுத்திடுங்கள், அக்கா. அவள் உங்கள்மேல் கோபமாக இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மனோகரன்

*

சிம்பாங் ரெங்கம்,
22 ஜூலை 2025

திரு. மனோகரன் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றாம் ஆண்டு மாணவி லோஷினியின் பெயர் இன்று முதல் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. காரணம்: குடும்பம் பாசிர் கூடாங்குக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே தாங்கள் அனுப்பிய பாரத்துக்குத் தேவை எழவில்லை; கையெழுத்தின்றித் திருப்பி அனுப்பப்படுகிறது. புதிய பள்ளியைத் தாங்களே அணுகவும்.

நன்னடத்தைச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. இம்மாணவி இப்பள்ளியில் பயின்ற காலத்தில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் தந்ததில்லை.

இப்படிக்கு,
பிரேமலா
தலைமையாசிரியை