கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

அன்பின் ஜெனூபாவுக்கு, கத்தார் நாட்டு அலுமாரிகளின் சக்கரவர்த்தி றஊப் ஸலாம் சொல்லி எழுதுவது. நீயும் மகளும் சுகம்தானே? நான் ஒட்டகம் போலச் சுகமாக இருக்கிறேன்.

சென்ற கிழமை நான் கம்ப்யூட்டரில் வரைந்த, சட்டிபானை வைக்கும் நானூறு குசினி அலுமாரிகளிலும் கதவு திறக்கும் பக்கத்தைக் காட்டும் புள்ளிக்கோடு மறைந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் மரவேலை செய்யும் ஓடாவி கதவின் பிணைச்சலை வலமா இடமா என்று பூட்டுவான்.

"கோடு வராட்டி உங்கள ஊருக்கு அனுப்பிருவானுகள், காக்கா," என்றான் கூட வேலை செய்யும் இறக்காமத்துப் பர்ஸான்.

"அதுக்குத்தானேடா அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆக் கேக்கன்," என்றேன்.

கம்ப்யூட்டரிலேயே அலுமாரியைத் திறந்து, அதற்குள் கதவைத் திறந்து, அதற்குள் கோட்டைத் தேடி ஏழு கடல் தாண்டினேன். முன்பக்கப் படத்தில் கோட்டைக் காட்டச் சொல்லும் ஒரேயொரு 'சரி' அடையாளம் விடுபட்டிருந்தது. அதைப் போட்டதும் நானூறிலும் கோடு வந்தது.

சரிபார்க்க நம் சாய்ந்தமருது வீட்டுக் குசினி அலுமாரியையும் வரைந்தேன். அளவெல்லாம் நினைவிருந்தது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுதான் வரவில்லை. வலக்கையாலும் இடக்கையாலும் காற்றில் திறந்து பார்த்தேன். ஊரை விட்டு வந்து நாலு வருசமாகிவிட்டதே.

போட்டோ வேண்டாம். நீயே திறந்து, எந்தப் பக்கமென்று வாயால் சொல்லி, போனில் பதிந்து அனுப்பு. கதவு கிறீச்சிடுவதும் கேட்கட்டும்.

கம்பனி வேன் வந்துவிட்டது.

உன் றஊப்