புல்தரையில் சொன்ன நாலு வரி

அன்புள்ள மானஸா,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இங்கே நம் ஆலன் ஊரில் அடித்த ஆலங்கட்டி மழையில் நம் வீட்டுக் கூரை பாழாகிவிட்டது. நேற்று அதை மாற்ற வந்தவர்களில் ஒருவன் மேலேயிருந்து விழுந்துவிட்டான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். 911-ஐக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் கேட்டுவிட்டு அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் என்னவோ கெஞ்சினான்.

எனக்கு என்ன ஸ்பானிஷ் தெரியும்? நீ கதவைச் சாத்திக்கொண்டு சத்தம்போட்டுப் படிப்பாயே, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு, அதில் நாலு வரி தெரியும், அர்த்தம் தெரியாது. "செத்துப்போன ஸ்பானிஷுக்காக எதுக்குடி மெடிசின விட்டே?" என்று கத்திய அதே வாயால் அதைச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவன் கெஞ்சுவதை நிறுத்தினான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

இன்று அவனுக்கு ஆபரேஷன். "அப்படி என்னதான் சொன்ன அவன்கிட்ட?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நான் சொன்னது பிழைத்து வா என்கிற வேண்டுதலா, போய் வா என்கிற ஒப்பாரியா? நீ சொல்லும்வரை ஆஸ்பத்திரிக்குள் நுழைய எனக்குக் கால் வராது.

கதவுக்கு வெளியே நின்று கேட்ட,
அம்மா