பெரியவன் வருகிறான், நான் போகிறேன்

பெரியவனின் அம்மாவுக்கு,

உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பெரியவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வக்கீல் கூட்டி வருவார். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிகளோடு பேசவே கூடாது என்று நிபந்தனை. அவன் கத்தியோடு நின்றதைப் பார்த்த சாட்சி நான்தானே. அதனால் வழக்கு முடியும்வரை என் தங்கை வீட்டில் இருப்பேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக் கொடு. ரொம்ப இளைத்துவிட்டான், கோர்ட்டில் தூரத்திலிருந்து பார்த்தேன்.

"பெத்த பிள்ளையையே காட்டிக் கொடுத்துட்டீங்களே" என்று எத்தனை முறை அழுதாய்! செத்துப்போன பையனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பி.கு.: "அப்பா எங்கம்மா?" என்று கேட்டால் நிபந்தனையைச் சொல். கேட்கவே இல்லையென்றால், அதை மட்டும் என்னிடம் சொல்லாதே.