கைதட்டலுக்குப் போன பந்து

ஜூன் 4, செவ்வாய்

கொரின் போன் செய்தாள். விவாகரத்தாகி மூன்று வருடமாகியும் அவள் எண்ணைப் பார்த்தால் முதுகு தானாக நிமிர்கிறது. ஹேசல் இனி சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வர விரும்பவில்லையாம்.

"பத்து வயசாகப் போகுது அவளுக்கு. கட்டாயப்படுத்தாத லாயிட். பிறந்தநாளுக்கு வருவா. அதுக்கப்புறம் அவ இஷ்டம்."

பெற்ற மகளை நான் என்ன செய்துவிட்டேன்? அடித்தேனா, திட்டினேனா?

ஜூன் 5

டிக்கெட் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை, ஹேசலின் பிறந்தநாளன்று, பகல் பேஸ்பால் ஆட்டம், ஏழாவது வரிசை. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் பெரிய திரையில் அவள் பெயர் வரும்.

ஜூன் 8, சனி

நன்றாகத்தான் ஆரம்பித்தது. மைதானத்துக்கு வெளியே, எங்கள் மில்வாக்கி ஊரே செய்வதுபோல, வண்டிக்குப் பின்னால் அடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டோம். பக்கத்து வண்டிக்காரருக்குக் கரி தீர்ந்துபோயிருந்தது. எங்களுடையதில் பாதியைக் கொடுத்து, பற்றவைத்தும் கொடுத்தேன். திரும்பி வந்தால் ஹேசலுடைய சாசேஜ் கருகிக் கிடந்தது. "பரவால்ல" என்றாள்.

திரையில் பெயர் வந்தபோது முகத்தை மூடிக்கொண்டாள், விரலிடுக்கில் பார்த்தாள். ஆறாவது இன்னிங்ஸில் கழிப்பறைக்கு எழுந்தாள்.

"வரிசை பெருசா இருக்கும். தேடிக்கிட்டு வந்து மானத்த வாங்காத."

அப்போதுதான் அது நடந்தது. மட்டையில் சீவிய பந்து எங்கள் பக்கம் எகிறி வந்தது. முப்பது வருடமாகக் கையுறையோடு போகிறேன், ஒரு பந்துகூடச் சிக்கியதில்லை. இன்று நேராக வந்து விழுந்தது. உள்ளங்கை இன்னும் எரிகிறது.

எங்களுக்கு முந்தின வரிசையில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவர், "குழந்தைக்குக் குடுங்கண்ணே" என்றார். பிறகு சுற்றிலும் எல்லோரும், "குடு, குடு." இங்கே பிடித்த பந்து பிடித்தவருக்கே சொந்தம்; ஆனாலும் அதைத் தானே வைத்துக்கொள்ளும் பெரிய ஆளை யாருக்கும் பிடிக்காது. கொடுத்தேன். கைதட்டினார்கள். நான் தொப்பியைக் கழற்றி, குனிந்து வணக்கம் வேறு வைத்தேன். நிமிர்ந்தால் படிக்கட்டில் ஹேசல்.

"எனக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சின்னக் குழந்தைம்மா. எல்லாரும் கேட்டாங்க."

"இன்னிக்கு என் பொண்ணுக்குப் பிறந்தநாள்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. உனக்கு அவங்க கைதட்டினா போதும்."

எங்கள் அணிதான் ஜெயித்தது.

ஜூன் 9

ஒரு பந்துதானே, ஒரு பந்துதானே என்று காலையிலிருந்து சொல்லிக்கொள்கிறேன்.

பிரச்சினை பந்து இல்லை. போன குளிர்காலத்தில் ஸ்கேட்டிங் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேனே — கோட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சோபாவில் காத்திருந்தாள். அந்த வீட்டம்மா என்னைத் தங்கமான மனுஷன் என்றார். எனக்கு ஜிலுஜிலுவென்று இருந்தது.

வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12

ஹேசலுக்குப் போன் செய்தேன்.

"நீ சொன்னது சரிதான்."

"ம்."

பிறகு, "கடையில பந்து வாங்கித் தரட்டுமான்னு கேக்காத" என்றாள்.

"கேக்கல."

ஜூன் 15, சனி

வரவில்லை.

ஜூன் 22, சனி

வந்தாள். சாயங்காலம் போய்விடுவேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். சீட்டு விளையாடினோம். பாதியில் யாரோ கதவைத் தட்டினார்கள். மேல்வீட்டு எல்மர். சோபாவை இறக்க ஒரு கை வேண்டுமாம்.

"இன்னிக்கு முடியாது. என் பொண்ணு வந்திருக்கா."

"அஞ்சே நிமிஷம்ப்பா. உன்ன விட்டா யாரு இருக்கா?"

"முடியாது எல்மர்."

மனுஷனுக்கு முகம் தொங்கிவிட்டது. பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்கலாமா என்று கால் பரபரத்தது. கதவைச் சாத்தினேன்.

"கோவிச்சுக்கிட்டாரா?" ஹேசல் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படித்தான் தெரியுது."

"ம்."

அவளே சீட்டைக் கலைத்துப் போட்டாள். நாலு மணிக்கு கொரின் போன் செய்தாள். ஹேசல்தான் எடுத்தாள்.

"இப்ப வராதம்மா. நாளைக்கு வா."