விரலில் மாட்டிய கருவியும் அப்பாவின் மூச்சும்

அன்புள்ள அப்பா, சூலூர் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததில் முதுகு வலிக்கிறது. பயப்படாதீர்கள். கிணத்துக்கடவு அத்தைக்குத்தான் உடம்பு சரியில்லை. உங்கள் தங்கை இப்போது நன்றாக இருக்கிறார்.

கொரோனாவில் நீங்கள் படுத்திருந்தபோது உங்கள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, எண்ணை எழுதி வைக்கும் வேலை என்னுடையது. அப்போது ஏழாம் வகுப்பு. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். நர்ஸ் போனில் கேட்டபோது, "பரவால்லீங்க, நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்றீர்கள். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினீர்கள். முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லக்கூட நம் வீட்டில் கூச்சம், அவருக்குச் சங்கடமாகிவிடுமாம். அந்தக் கருவியும் உங்களைப் போலவே மரியாதையாகப் பேசிவிட்டது. நான் இருவரையும் நம்பினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது.

இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி நூலகத்தில் படித்தேன்: அந்தக் கருவி தோல் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனைக் கணக்கிடுகிறதாம். கறுத்த தோலில் சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுமாம். நம் நிறம் உங்களுக்குத் தெரியாததா? அன்று அதுதான் நடந்ததா அப்பா? சொல்ல யாருமில்லை.

போன செவ்வாய் அத்தைக்கு மூச்சு இழுத்தது; ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவருக்கும் உங்கள் நிறம்தான். கருவி தொண்ணூற்றைந்து காட்டியது.

"நார்மலாத்தான் இருக்குதுங்க, ஊட்டுக்குப் போலாங்க" என்றார் நர்ஸ்.

"சரிங்க கண்ணு" என்று அத்தை செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"இல்லீங்க சிஸ்டர், அத்தையால ஒரு பேச்சை முழுசா முடிக்க முடியலீங்க. மணிக்கட்டுல ரத்தம் எடுத்து ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்க்கச் சொல்லுங்க" என்றேன்.

அத்தை என் கையைக் கிள்ளினார். "ஏனம்மணி, சும்மா இரு. அவங்க கோவிச்சுக்கப் போறாங்க."

டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். எண்பத்தேழு. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள்.

நேற்று அத்தை வீடு திரும்பிவிட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்கண்ணன் புள்ள சரியான வாயாடிங்க" என்று பெருமையாகச் சொல்கிறாராம். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இந்த வாய் எனக்கு ஏழாம் வகுப்பில் ஏன் இல்லாமல் போனது?

இனி யார் விரலில் அதை மாட்டினாலும், எண்ணைப் படிக்கும் முன் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் சொல்லத் தயங்குவதை நான் கூச்சமில்லாமல் சொல்வேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
நிவேதா