சாயாமல் நின்றாய்

அண்ணே,

இன்று காலை நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் பீரோவை நகர்த்தினார். பின்னால் அந்த மூலையில், இரு பக்கச் சுவரிலும், உன் கை பட்டுப் பட்டு ஏறிய கறுப்பு அப்படியே இருந்தது. "சுரண்டிரட்டுமாக்கா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை முடிந்து சைக்கிளில் வந்த உன்னை லாரி தட்டியது. பின்மண்டையில் அடி. கை கால் அசைந்தன, பேச்சு கொஞ்சம் இழுத்தது. ஆனால் எழுப்பி நிற்க வைத்தால் சரிந்தாய். சிறுமூளையில் சேதம் என்றார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் உனக்குப் பயிற்சி கொடுத்த அம்மாதான் எனக்கு விளங்கச் சொன்னார்: சாய்வது உனக்குத் தெரிகிறது, எவ்வளவு நிமிர வேண்டும் என்கிற அளவுதான் போய்விட்டது. அதனால்தான் இடப்பக்கம் சாய்ந்தவன் நிமிரப் போய் வலப்பக்கம் விழுந்தாய். "பிடிக்காதீங்கம்மா, பக்கத்துல நில்லுங்க. ஆடி ஆடித்தான் அவர் உடம்பு அந்த அளவைப் படிக்கணும்," என்றார்.

ஒரு வருடம் அந்த மூலையில் நின்றாய். முன்னால் ஒரு நாற்காலி. முதலில் கால்களை நன்றாக அகட்டி. நான் உன் தோளை ஒரு விரலால் பையத் தள்ளுவேன். நீ தேவைக்கு மேல் நிமிர்ந்து சுவரில் மோதுவாய். வாரத்துக்கு ஒரு விரற்கடை கால்களை நெருக்கினோம். பொறுக்காமல் என் கை உன்னைப் பிடிக்க வந்தால் முறைப்பாய்.

"ஏட்டி, கையை எடு. உன் கல்யாணத்துல நான்லா நின்னு பொரியிடணும்."

கூடப்பிறந்தவன் மணப்பெண் கையில் இட வேண்டிய பொரி. அதற்காகத்தான் அத்தனை விழுதலும்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சித்தப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இவன் ஆடிக்கிட்டு நின்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் குடிச்சிருக்கான்னுல்லா நெனைப்பான். சமையக்கட்டுப் பக்கம் இருக்கட்டும்."

அப்பா இல்லாத வீடு. சித்தப்பா வைத்ததுதான் சட்டம். வெற்றிலைகூடப் போடாதவன் நீ. அதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன். மறுநாள் சித்தப்பா மகன் என் கையில் பொரி இட்டான்.

மறுவீட்டுக்கு வந்தபோது நான் கேட்காமலே சொன்னாய்: "தாலி கட்டுத நேரம் சமையக்கட்டுல எதையும் பிடிக்காம நின்னேன்ட்டி. காலைச் சேர்த்து வச்சு. கெட்டிமேளம் முடியுத வரைக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு வருடப் பாடு பலித்த அந்த நேரத்தைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

நாலு வருடத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. துஷ்டிக்கு வந்த சித்தப்பா, தங்கமான பயல் என்று அழுதார். அப்போதும் நான் பேசவில்லை.

இப்போது பேசுகிறேன். பஸ்ஸில் தள்ளாடி ஏறுகிறவரைக் கண்டு யாராவது மூக்கைப் பொத்தினால் சண்டைக்குப் போகிறேன். என் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள், படட்டும். ஆனால் அண்ணே, இந்தச் சத்தமெல்லாம் அன்றைக்கு, சித்தப்பா முகத்துக்கு நேராக, நான் போட்டிருக்க வேண்டியது.